பந்தை வீசிய கையும் பந்தைக் கொடுத்த கையும்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்பர்களே, சிறுபோக அரிவுவெட்டு முடிந்த களைப்பையும் பாராமல் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வந்து பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மேடைக்குப் பின்னால் இருட்டிவிட்ட பிறகும் பந்தடிப்பதை நிறுத்தாத தம்பிமாரே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஐந்து நாள் கிரிக்கெட்டாகிய டெஸ்ட் ஆட்டத்தில், அந்நிய மண்ணில் எவரும் எதிர்பாராமல் கிடைக்கும் வெற்றிக்குப் பெரிதும் காரணமாவது அணித்தலைவரின் துணிவான முடிவா, வீரர்களின் தனித்திறமையா என்பது இன்று இந்த மன்றத்தின் முன் உள்ள வழக்கு. அணித்தலைவரின் துணிவே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை மூன்று ஆட்டங்களை எடுத்து வைத்தார். 1998 இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் வீழ்த்திய 16 விக்கெட்டுகள், 2014 இல் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் அஞ்சலோ மெத்தியூஸ் அடித்த 160 ஓட்டங்கள், 2019 இல் தென்னாபிரிக்காவின் டர்பனில் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் பெற்ற 153 ஓட்டங்கள் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, "வீசியவனும் அடித்தவனும் வெயிலில் நிற்க, நாணயம் சுண்டியவனுக்கு மாலையா?" என்று கேட்டுப் பெரிய கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். நானும் தட்டினேன், மறைக்கவில்லை. ஆனால் அவர் அடுக்கிய மூன்றில் இரண்டு என் கட்சிச் சாட்சிகள் என்பதை அவர் கவனிக்கவில்லை. மூன்றாவதைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வேன், அதற்கு அவர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

வழக்கில் ஒரு சொல் இருக்கிறது, நடுவர் ஐயா. "அந்நிய மண்ணில்" என்ற அந்தச் சொல்லைத் தங்கை வேகமாகக் கடந்து போய்விட்டார். சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு ஆடுகளமே பாதி உதவியைச் செய்துவிடும். இலங்கையின் காலியில் பந்து சுழலும், அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் எகிறும், எங்கே யாருக்கு எது வேண்டுமோ அதைப் பார்த்தே புல்லை வளர்ப்பார்கள் அல்லது வெட்டுவார்கள். விருந்தாளி அணிக்கு அப்படிச் செய்து கொடுக்க ஆளில்லை. இதை நம் ஊர்த் தம்பிமாருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அரிவுவெட்டு முடிந்த வயலில் நெல்லின் அடிக்கட்டைகளை மண்வெட்டியால் செதுக்கித் தண்ணீர் தெளித்து மட்டப்படுத்திய களங்களிலே, உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி அயலூருக்குப் போய் மென்பந்து விளையாடியவர்கள் அவர்கள். பந்து எந்த வெடிப்பில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த ஊரின் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், போனவனுக்குத் தெரியாது. கிரிக்கெட்டிலும் தங்களுடைய பதவிக்குப் பெயர் நடுவர்தான், ஐயா. அயலூர்க் களத்தில் அந்த நடுவர் பெரும்பாலும் அந்த அணித்தலைவரின் மச்சானாக இருப்பார். இங்கே அப்படியில்லை என்ற நம்பிக்கையில் மேலே பேசுகிறேன்.

இப்படிப்பட்ட இடத்தில் விருந்தாளி அணி, வழக்கமாக எல்லோரும் செய்வதையே செய்தால் வழக்கமாகக் கிடைப்பதுதான் கிடைக்கும், அதாவது தோல்வி. வேறொன்றைச் செய்ய ஒருவர் துணிய வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் நம் வழக்கு.

ஓவலுக்குப் போவோம். 1998 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27. இங்கிலாந்து அப்போதுதான் தென்னாபிரிக்காவை ஐந்து ஆட்டத் தொடரில் இரண்டுக்கு ஒன்று என்று வென்று நிமிர்ந்திருந்தது. இலங்கை 1996 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணி. ஆனாலும் இங்கிலாந்து அதற்குக் கொடுத்தது ஒரேயொரு டெஸ்ட் ஆட்டம். 1984, 1988, 1991 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வாறே ஒவ்வோர் ஆட்டம்தான் கொடுத்தார்கள். வந்தவரை உள்ளே அழைக்காமல் படலையடியிலேயே தேநீர் கொடுத்து அனுப்புகிற மரியாதை அது. அந்த ஒற்றை ஆட்டத்தில் தவறினால் திருத்திக்கொள்ள இரண்டாவது ஆட்டம் இல்லை. இந்த நிலையில் நாணயச் சுழற்சியில் இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க வென்றார்.

கையில் முரளிதரன் இருக்கிறார். ஆட்டம் முதிர முதிர ஆடுகளம் சுழலும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தத் தலைவரும் முதலில் துடுப்பெடுத்தாடவே சொல்வார், கடைசி இன்னிங்ஸில் முரளியிடம் பந்தைக் கொடுப்பார். பாடசாலை அணித்தலைவனுக்கும் தெரிந்த பாடம் இது. அர்ஜுன இங்கிலாந்தைத் துடுப்பெடுத்தாட அழைத்தார். அவர் போட்ட கணக்கு என்னவென்றால், தாம் முதலில் ஆடிப் பெரிய எண்ணிக்கை குவித்து, இங்கிலாந்து குறைந்த ஓட்டங்களில் சுருண்டு, உடனே மறுபடியும் ஆடச் சொல்லும் ஃபொலோ ஒன் நிலை வந்தால், முரளி இரண்டு இன்னிங்ஸ்களையும் இடைவெளியின்றி வீச வேண்டியிருக்கும். இங்கிலாந்து முதலில் ஆடினால், நடுவில் இலங்கை ஆடும் நேரம் முழுவதும் முரளியின் தோளுக்கும் விரல்களுக்கும் ஓய்வு. ஆட்டத்தை வெல்லப் போகிறவர் ஒருவர்தான் என்றால், அவர் எப்போது களைப்பார் என்பதை முதல் நாள் காலையிலேயே எண்ணிப் பார்த்த தலைவர் அவர்.

இங்கிலாந்து 445 ஓட்டங்களை எடுத்தது. கிரேம் ஹிக் 107, ஜோன் குரோலி ஆட்டமிழக்காமல் 156. எதிரணியை அழைத்து 445 கொடுத்த தலைவரை யாராவது அந்த மாலையில் புகழ்ந்திருப்பார்களா? முரளி 59 ஓவர் 3 பந்துகள் வீசி 7 விக்கெட்டுகளை எடுத்தார், 155 ஓட்டங்களைக் கொடுத்தார். பிறகு சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152, இலங்கை 591. அவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது முரளி உடைமாற்றும் அறையில் காலை நீட்டிக்கொண்டிருந்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். அர்ஜுன வாங்கிக் கொடுத்த ஓய்வு அதுதான். அதன் பிறகு இரண்டாவது இன்னிங்ஸில் 54 ஓவர் 2 பந்துகள், 65 ஓட்டங்கள், 9 விக்கெட்டுகள். மிஞ்சிய ஒரு விக்கெட்டும் முரளிக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இங்கிலாந்துத் தலைவர் அலெக் ஸ்டுவர்ட் ஓடி ஆட்டமிழந்ததுதான், அவரை ஆட்டமிழக்கச் செய்ததும் மாற்றுக் களத்தடுப்பாளராக வந்த உபுல் சந்தன. இங்கிலாந்து 181 உடன் சுருண்டது. தேவைப்பட்ட 36 ஓட்டங்களை இலங்கை விக்கெட் எதையும் இழக்காமல் எடுத்தது. இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி.

இரண்டு இன்னிங்ஸ்களிலும் முரளி வீசிய பந்துகளைக் கூட்டினால் 683 வரும். அந்த விரல்களின் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன், பேசினால் இந்த ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது.

ஏனென்றால் அந்த வெற்றியை நாங்கள் கேட்ட விதம் அப்படி. அப்போது போரால் இடம்பெயர்ந்து வன்னியில் மல்லாவிப் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்தோம். மின்சாரம் என்பது கதையில் வருகிற பொருள். பற்றரி வன்னிக்குள் வரத் தடை. வானொலி கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை வானொலிக்கு இழுத்து, மிதியைக் கையால் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் களைத்தால் வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிப் போகும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் பெட்டி எரிந்துவிடும் என்று கிழவர்கள் அதட்டுவார்கள். எங்கள் சின்ன மாமாதான் இதற்கெல்லாம் பொறுப்பு. பாட்டுப் போகிற நேரத்தில் நோஞ்சானாகிய என்னைச் சுற்றவிடுவார், கைவலுவுள்ள பெரியண்ணனைச் சும்மா இருத்தி வைப்பார். "அவன் இருக்கட்டும், அவன் செய்திக்கு" என்பார். செய்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர் என்னிடமிருந்து மிதி அண்ணனிடம் போகும், குரல் கணீரென்று நிற்கும்.

அந்த அணியை எங்கள் அணி என்று சொல்லலாமா கூடாதா என்று பெரியவர்கள் திண்ணையில் வாதிட்ட காலம் அது. ஆனாலும் முரளிக்கு எத்தனை என்று கேட்காமல் எவரும் படுக்கப் போனதில்லை. அன்றிரவு ஒன்பது விக்கெட் என்ற சொல் வந்ததும் அண்ணன் மிதியை விட்டுவிட்டுத் துள்ளினான், வானொலி செத்தது. இங்கிலாந்து எத்தனை ஓட்டங்களுக்குச் சுருண்டது என்பதை மறுநாள் சந்தைக்குப் போனவர்தான் வந்து சொன்னார். மாமா அண்ணனை ஏசிய ஏச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது.

இப்போது என் வாதத்தின் கணுவுக்கு வருகிறேன். அண்ணனின் கைவலு எல்லா நாளும் அவனிடம்தான் இருந்தது. மாமா ஊரில் இல்லாத நாட்களில் அண்ணனே முதலிலிருந்து சுற்றுவான், செய்தி வரும்போது கை சோர்ந்து குரல் தேய்ந்துவிடும். முரளியின் திறமையும் அவ்வாறே ஓவலில் திடீரென்று முளைத்ததன்று. அதற்கு முன்பும் அவர் அந்நிய மண்ணில் வீசினார், ஆனாலும் இலங்கை பல ஆட்டங்களில் தோற்றது. எல்லா ஆட்டங்களிலும் மாறாமல் இருந்த ஒன்றை ஓர் ஆட்டத்தின் வெற்றிக்கு மட்டும் காரணம் என்று எப்படிச் சொல்வது? அந்த ஆட்டத்தில் புதிதாக நடந்தது என்ன என்று தேடினால், நாணயம் கீழே விழுந்த பிறகு அர்ஜுன சொன்ன சொல்தான் அகப்படுகிறது.

எதிரணியிலே ஒரு கெட்டிக்காரர் எழுந்து, "இங்கிலாந்து 445 எடுத்ததே, ஃபொலோ ஒன் என்ற பேச்சே வந்திருக்காதே, அர்ஜுன பயந்தது நடக்கவில்லையே" என்று மடக்கக்கூடும். நல்ல கேள்வி. அவருக்காக மறுபக்கத்தையும் கணக்குப் பார்ப்போம். இலங்கை முதலில் 591, இங்கிலாந்து 445 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இலங்கை இன்னொரு முறை ஆடி, போதுமான முன்னிலை சேர்த்து, ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, இங்கிலாந்தின் பத்து விக்கெட்டுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். நடந்த ஆட்டமோ, இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸில் வெறும் 37 ஓட்டங்களே எடுக்கப்பட்டும், ஐந்தாம் நாளில்தான் முடிந்தது. நடுவில் ஒரு முழு இன்னிங்ஸைச் செருக நேரம் எங்கே? அர்ஜுன முரளிக்கு ஓய்வை வாங்கினார், அதோடு கடைசி நாளின் நேரத்தையும் வாங்கிவிட்டார்.

அவர் பயந்தது வீண்பயம் என்று நினைப்பவர்கள் 2023 பெப்ரவரியில் வெலிங்டனில் நடந்ததைப் பார்க்கட்டும். பென் ஸ்டோக்ஸ் தலைமையில் இங்கிலாந்து 8 விக்கெட் இழப்புக்கு 435 என்று நிறுத்திக்கொண்டு, நியூசிலாந்தை 209 இல் சுருட்டி, உடனே மறுபடி ஆடச் சொன்னது. களைத்த பந்துவீச்சாளர்கள் தொடர்ந்து 160 ஓவர்களுக்கு மேல் வீச வேண்டியதாயிற்று. நியூசிலாந்து 483. இங்கிலாந்து 256 உடன் முடிந்து ஒரேயோர் ஓட்டத்தால் தோற்றது. அங்கே இருந்தவர்களிடமும் திறமைக்குப் பஞ்சமில்லை, தங்கை அவர்களே. அன்டர்சன் இருந்தார், பிரோட் இருந்தார்.

முரளியின் திறமை என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார், முரளி பந்தை எறிகிறார் என்று கூறி ஏழு தடவை நோ போல், அதாவது செல்லாத பந்து என்று காட்டினார். ஓர் இளம் பந்துவீச்சாளரின் வாழ்க்கை அந்த மாலையோடு முடிந்திருக்கலாம். அர்ஜுன அவரை அனுப்பிவிடவில்லை, மறுமுனைக்கு மாற்றிப் பந்தைக் கொடுத்தார். அந்த முனையில் நின்ற நடுவர் கையை நீட்டவில்லை, முரளி வீசிக்கொண்டேயிருந்தார். அந்த ஆட்டத்தில் இலங்கை தோற்றதுதான். ஆனால் தங்கை கொண்டாடுகிற ஓவலின் 16 விக்கெட்டுகளுக்குரிய கை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தலைவரால் காப்பாற்றப்பட்ட கை.

தலைவரின் துணிவு நாணயச் சுழற்சியோடு முடிந்துவிடுவதில்லை, பெரும்பாலும் அது கண்ணுக்கும் தெரியாது. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் இங்கிலாந்து இந்தியாவைச் சந்தித்தது. டொம் ஹார்ட்லி என்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளருக்கு அது முதல் டெஸ்ட். அவர் வீசிய முதல் பந்தையே ஜெய்ஸ்வால் ஆறு ஓட்டங்களுக்குத் தூக்கினார். அதன் பிறகும் நல்ல அடி. நம் ஊர் அணியில் இது நடந்தால் என்ன நடக்கும்? இரண்டாவது ஓவருக்கே பந்தைப் பிடுங்கிக்கொண்டு, பையனை எல்லைக்கோட்டுப் பக்கம் மாட்டுக்குப் புல் பார்க்க அனுப்பிவிடுவோம். ஸ்டோக்ஸ் அவரை நிறுத்தவில்லை. 25 ஓவர்கள் வீசவைத்தார், 131 ஓட்டங்கள் போனது, இரண்டே விக்கெட்டுகள் கிடைத்தன. இந்தியா 436 எடுத்து 190 ஓட்டங்களால் முன்னிலை பெற்றது. வீட்டுக்குப் போகப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்ற நிலையில் ஒலி போப் 196 அடித்தார், அதை ஒப்புக்கொள்கிறேன், அது திறமைதான். இந்தியாவுக்கு இலக்கு 231. அப்போது ஸ்டோக்ஸ் பந்தை யாரிடம் கொடுத்தார்? முதல் இன்னிங்ஸில் அடி வாங்கிய அதே பையனிடம். 62 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். இந்தியா 202, இங்கிலாந்துக்கு 28 ஓட்டங்களால் வெற்றி.

அந்தத் தொடர் பிறகு நான்குக்கு ஒன்று என்று இந்தியா பக்கம் போனது என்பதை எதிரணி சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஹைதராபாத்தை வென்றது, அடிவாங்கிக்கொண்டிருந்த கையில் பந்தை விட்டுவைத்த பொறுமைதான். பந்தைப் பறித்திருந்தால் ஹார்ட்லிக்குத் தன் மேலேயே நம்பிக்கை போயிருக்கும், இரண்டாவது இன்னிங்ஸில் தலைவருக்கும் அவரைக் கூப்பிடும் தைரியம் வந்திருக்காது. வெற்றியைத் தந்த முடிவு முதல் இன்னிங்ஸிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, அப்போது அது முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது.

ஹெடிங்லி 2014. மெத்தியூஸின் 160 என்று தங்கை சொன்னார். அந்த 160 எப்படி வந்தது என்று சொல்லவில்லை. ரங்கன ஹேரத்தோடு எட்டாவது விக்கெட்டுக்கு 149 ஓட்டங்கள் சேர்ந்தன, ஹேரத் 48. நான்காம் நாளில் இங்கிலாந்துத் தலைவர் அலஸ்டயர் குக், மெத்தியூஸ் வந்தால் களத்தடுப்பாளர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். ஒற்றை ஓட்டம் எடுத்துக்கொள், நாங்கள் ஹேரத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற கணக்கு. பயந்த தலைவரின் கணக்கு அது, அதற்காக அவர் சொந்த நாட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் ஜேம்ஸ் அன்டர்சன் 55 பந்துகளைச் சந்தித்து ஓர் ஓட்டமும் எடுக்காமல் மறித்துக்கொண்டே நிற்க, ஆட்டத்தில் இன்னும் இரண்டே பந்துகள் எஞ்சியிருந்தபோது ஷமிந்த எரங்கவின் பந்து அவர் மட்டையில் பட்டு ஹேரத்தின் கைகளில் விழுந்தது. இரண்டு பந்துகளில் தீர்ந்த ஆட்டத்தில், முந்தைய நாள் ஒரு தலைவர் அஞ்சிப் பின்வாங்கியதன் விலை எவ்வளவு என்று சபையோரே கணக்குப் பாருங்கள்.

இனி டர்பன். 2019 பெப்ரவரி, இலக்கு 304. 226 ஓட்டங்களில் ஒன்பதாவது விக்கெட் விழ, கடைசி ஆளாக விஷ்வ பெர்னாண்டோ வருகிறார். 27 பந்துகளைத் தாக்குப்பிடித்து 6 ஓட்டங்கள் எடுத்து மறுமுனையில் நின்றார். மீதியெல்லாம் குசல் பெரேரா. கடைசி விக்கெட்டுக்கு 78, ஒரு விக்கெட்டால் வெற்றி. நடுவர் ஐயா, குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தை நான் எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். உடைமாற்றும் அறையில் இருந்துகொண்டு எந்தத் தலைவரும் அதை வென்றிருக்க முடியாது. டர்பனையும் தலைவரின் வெற்றி என்று நான் நின்று சாதித்தால், ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் தங்கை டர்பனோடு வண்டியை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வாரம் போர்ட் எலிசபெத்தில் இரண்டாவது ஆட்டம் நடந்தது. அணித்தலைவர் திமுத் கருணாரத்ன. பெப்ரவரித் தொடக்கத்தில் கன்பராவில் பந்து தாக்கித் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டு செல்லப்பட்டவர், அந்த மாதத்திலேயே தலைமையை ஏற்றுத் தென்னாபிரிக்காவுக்கு வந்தவர். முதல் இன்னிங்ஸில் இலங்கை 68 ஓட்டங்கள் பின்தங்கியது. டர்பனில் அறிமுகமாகி ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் லசித் எம்புல்தெனியவுக்குப் பெருவிரலில் காயம், வீச முடியாது. தனஞ்சய டி சில்வா அடிப்படையில் துடுப்பாட்டக்காரர். கருணாரத்ன அவரிடம் பந்தைக் கொடுத்தார், அவர் 3 விக்கெட்டுகள் எடுத்தார், சுரங்க லக்மால் 4. தென்னாபிரிக்கா 128. இலங்கை 2 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 197 எடுத்து வென்றது. ஆசிய அணியொன்று தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்றது அதுவே முதல் தடவை. குசல் பெரேராவின் ஆட்டம் ஒரு போட்டியை வென்று கொடுத்தது, தொடர் வேறொருவரின் கையில் இருந்தது.

கடைசியாக எதிரணித் தலைவர் இடையில் எழுப்பிய தடைக்கு வருகிறேன். "2002 இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்துத் தலைவர் நாசர் ஹுசைனும் அர்ஜுனவைப் போலத்தான் எதிரணியை அழைத்தார், முதல்நாள் முடிவில் அவுஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 364, இங்கிலாந்து 384 ஓட்டங்களால் தோற்றது. 2024 இல் அதே மைதானத்தில் அவுஸ்திரேலியத் தலைவர் பற் கமின்ஸ் 22 ஓட்டங்கள் பின்தங்கியிருக்கும்போதே இன்னிங்ஸை நிறுத்திக்கொண்டார், மேற்கிந்தியத் தீவுகளிடம் 8 ஓட்டங்களால் தோற்றார், துணிவு எங்கே வென்றது?" என்றார்.

துணிந்தவரெல்லாம் வென்றார்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை, ஐயா. மழைக்கு முன் புழுதியில் விதைக்கிற கமக்காரர் எல்லோருக்கும் காலபோகம் பொலிவதில்லை, அது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு தலைவரின் முடிவு ஆட்டத்தைத் தோற்கடிக்க வல்லது என்று மேடையேறி ஒப்புக்கொண்டவர், அதே முடிவு ஆட்டத்தை வெல்லவும் வல்லது என்பதிலிருந்து எப்படித் தப்புவார்? மேலும் கமின்ஸ் சொந்த மண்ணில் ஆடியவர். அந்த ஆட்டத்தில் விருந்தாளித் தலைவர் மேற்கிந்தியத் தீவுகளின் கிரெய்க் பிரத்வைட். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் இரண்டாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்த ஷமார் ஜோசப், துடுப்பெடுத்தாடும்போது ஸ்டார்க்கின் பந்து கால்விரலில் தாக்கி வெளியேறியவர். நொண்டியாவது வந்து நின்ற அந்தப் பையனிடம் பந்தைக் கொடுத்து, கடைசி விக்கெட் விழும்வரை வாங்கவேயில்லை. 68 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள், ஸ்டீவ் ஸ்மித் 91 உடன் மறுமுனையில் பார்த்துக்கொண்டு நின்றார். அவுஸ்திரேலியாவில் மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் வென்று 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரணித் தலைவர் எனக்கு எதிராக எறிந்த கல்லை நான் பிடித்து என் சாட்சிகளோடு வைத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். நாளைக் காலை விசுவமடுவுக்கு மென்பந்து விளையாடப் போகும் நம் அணியின் தலைவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நாணயத்தில் வென்றால் என்ன கேட்கப் போகிறீர், முதல் ஓவரை யாரிடம் கொடுக்கப் போகிறீர் என்று மேடைக்கு வருமுன் விசாரித்தேன். சொல்ல மறுத்துவிட்டார். விசுவமடுக்காரர் நாலு பேர் சபையில் இருக்கிறார்களாம். நன்றி, வணக்கம்.